தியோதல்லேவி

இத்தாலியின் பலெர்மோ நகரில் தன்னைப் பெண் கேட்டு வந்த மார்கோவுக்கும் அப்பா சிற்றம்பலத்துக்கும் நடுவில் வதனிதான் மொழிபெயர்த்தாள்.

“இவையின்ரை குடும்பப் பேர் தியோதல்லேவி எண்டால் என்ன கருத்தாம்? கேள் பிள்ளை,” என்றார் சிற்றம்பலம்.

“கடவுள் உன்னை வளர்க்கட்டும் என்று பொருள். எங்கள் மூதாதை ஒருவரைக் குழந்தையாகத் தேவாலய வாசலில் யாரோ விட்டுப்போனார்கள். அவருக்கு வைத்த பெயர்,” என்றான் மார்கோ.

பரம்பரை பார்க்கும் அப்பா இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். ஆனாலும் வதனி மறைக்காமல் சொன்னாள்.

சிற்றம்பலம் எழுந்து போகவில்லை.

“அந்தப் பிள்ளையை ஆர் வளர்த்ததாம்?”

“தெரியாது. யாரோ வளர்த்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்,” என்றான் மார்கோ.

வதனி அதையும் அப்பாவுக்குச் சொன்னாள்.

சிற்றம்பலம் மார்கோவை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்ல ஆக்கள்தான்,” என்றார்.