மரகதவல்லியின் குட்டிக் குடல்

தஞ்சாவூரில் டவுன் பஸ் ஓட்டும் மரகதவல்லிக்குப் பல வருடங்களாக வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. கழிப்பறை உள்ள நிறுத்தங்களாகப் பார்த்துத்தான் ரூட்டையே கேட்டு வாங்குவாள்.

மருந்துக்கடை சுலைமான் அவள் குடலிலிருந்து துளி சதை எடுத்து, ஒரு குட்டிக் குடலைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அவளுக்குப் பதிலாக அதுதான் மாத்திரைகளை விழுங்கிப் பார்த்தது. ஒன்றுக்குப் பொங்கியது, இன்னொன்றுக்கு இறுகிக் கல்லானது. கடைசியில் ஒரு மாத்திரைக்கு அடங்கியது. அதையே அவளும் சாப்பிட்டாள். ஒரு மாதமாக பஸ் நடுவழியில் நிற்கவில்லை.

நன்றி சொல்ல, தூக்கு நிறையப் பால் பாயசத்தோடு கடைக்கு வந்தாள்.

"நீங்க குடிக்கலையாக்கா?"

"பாலா? பயமா இருக்கு தம்பி." குடுவையைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகியது. "பாவம், எனக்காக எவ்வளவு கசப்பைத் தின்னுச்சு! அதுக்கு ஒரு ஸ்பூன் ஊத்துங்களேன்."

சுலைமான் சிரித்துக்கொண்டே ஊற்றினார். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குட்டிக் குடல் சமத்தாக இருந்தது.

"ஒத்துக்கிச்சுக்கா!"

"அப்ப எனக்கும்?"

"உங்களுக்கும்தான்."

மரகதவல்லி தூக்கை அப்படியே வாயில் கவிழ்த்தாள்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் வைங்க!" என்று சுலைமான் கத்தியது அவள் காதில் விழவேயில்லை.