மடியில் வெல்லம்

சுருட்டைப் பற்றவைத்து ஓர் இழுப்புதான் இழுத்திருப்பேன். "நில்லு!" என்று முதலாளியின் குரல் கேட்டது.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆலை மாடுகளைத் தம்பாட்டுக்குச் சுற்றவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்திருந்தேன். இன்றைய ‘நில்லு’ காலையிலேயே முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

பாகூரில் கரும்பாலை வைத்திருக்கும் சுப்புராயன் முதலாளிக்கு அப்படியொரு பழக்கம். ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு காரணமும் இல்லாமல் கத்துவார். அந்த நொடியே மாடுகள் நிற்க வேண்டும். நின்றதும் மடியிலிருந்து வெல்லத்தை எடுத்து இரண்டு மாடுகளுக்கும் ஊட்டுவார். ஓட்டுகிற எனக்கு ஒரு கிள்ளு கிடையாது.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து வந்தவர். எங்களுக்குக் கவாத்து பழக்குகிறாராம்! அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிக்காத நாளில்லை.

ஆனாலும் மடுகரையிலிருந்து வரும் கரும்பு வண்டிகள் வழியிலிருக்கும் ஆலைகளை விட்டுவிட்டு இங்கேதான் வந்தன. மற்ற ஆலைகளில் வருஷத்துக்கு ஒருத்தி கையைக் கரும்பு பிழியும் உருளை தின்றுவிடும். அப்புறம் அதற்குக் கரும்பு கொடுக்க யாரும் உட்காரமாட்டார்கள். எங்கள் ஆலையில் அந்தத் தொல்லை இல்லை. முதலாளிக்கு நல்ல நேரம் என்று சொல்லிக்கொள்வோம்.

இன்று உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தவள் என் பெண்டாட்டி ராமாயி.

கத்தட்டும் என்று இரண்டாவது இழுப்பை இழுத்தேன்.

அப்போதுதான் ராமாயி அலறினாள்.

திரும்பினேன். அவள் முந்தானை இரண்டு உருளைகளுக்கும் நடுவே போயிருந்தது. அதை உருவப் போன வலது கையில் துணி சுற்றியிருந்தது. விரல்களுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

ஓடினேன். இருபது தப்படி. மாடுகள் கால் சுற்று போனால் போதும், முழங்கை வரைக்கும் போய்விடும். நான் போய்ச் சேரமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

பாதி வழியில்தான் கவனித்தேன். உருளையின் கிறீச்சொலி இல்லை.

மாடுகள் பூட்டிய சுற்றுமரம் அசையாமல் நின்றது.

மாடுகள் இரண்டும் நின்றிருந்தன. யாரும் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கவில்லை. காதை விடைத்து, நாக்கை நீட்டிக்கொண்டு, காய்ச்சும் கொப்பரைப் பக்கத்திலிருந்து ஓடிவந்த முதலாளியின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கரும்புக் கத்தியால் முந்தானையை அறுத்து ராமாயியை வெளியே இழுத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஐந்தும் இருந்தன.

பிறகு எப்போதும்போல மாடுகளிடம் போனார்.

"ஒன்ன நம்பியாடா பக்கிரி நான் ஆலை ஓட்றேன்?"

வெல்லத்தை இரண்டாக உடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

ராமாயி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தன் கையைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதில் சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருந்தது.