அறுபது கிலோ

"அக்கா, கறியில உருளைக்கிழங்கு கிடக்கு. யார் போடச் சொன்னா?"

சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜீவன் முறைத்தான். பெரகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பதுளை ஜிம் வாசலில் வந்து நின்ற விஜயலெட்சுமிக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

"செவ்வாக்கிழமை ரெண்டு கிழங்கு அவிச்சுக் கொண்டாரச் சொன்னியேடா."

"அது பாரம் தூக்குற நாளு. தூக்குற நாளைக்குத்தான் கிழங்கு. இன்னைக்கு ஓய்வு. கறி, முட்டை, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில தராசுல ஏறணும். இன்னும் அறுநூறு கிராம் கூட இருக்கு."

"ஒரு கிழங்குல என்னடா ஆயிரப் போவுது?"

"போன வருசம் அப்படித்தான் சொன்னே."

போன வருடம் இருநூறு கிராம் கூடிப்போய், மேடையே ஏறாமல் திரும்பி வந்தவன் அவன். நாளைக்குத் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பளுதூக்கல் தெரிவுப் போட்டி. அறுபது கிலோவுக்குள் நின்று ஜெயித்தால் கொழும்பில் பயிற்சி, தங்க இடம், மாதச் சம்பளம். தவறவிட்டால் தோட்டத்திலேயே கிடக்க வேண்டியதுதான். இருபத்தைந்து வயதுக்காரனை அடுத்த வருடம் யாரும் கூப்பிடப் போவதில்லை.

அதற்காகத்தான் ஆறு வாரமாகச் சோற்றையும் ரொட்டியையும் தொடாமல் இருந்தான். சோறு தின்னாதவனைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சும்மா விடுவார்களா? இந்த வயசிலேயே சீனி வியாதியா என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தவர்களும் உண்டு.

சத்தம் கேட்டு மபாஸ் மாஸ்டர் வெளியே வந்தார். அவர்தான் பயிற்சியாளர். பெட்டியை எட்டிப் பார்த்தார். கிழங்கை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"சண்டை முடிஞ்சுது. சாப்பிடு," என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

ஜீவன் ஒரு துண்டைக் கடித்தான்.

"இது அம்மா ஆக்கினது இல்லையே. பட்டை வாசம் தூக்கலா இருக்கு."

"கடை லரீபா அக்கா ஆக்கித் தந்தாங்க. அம்மாவுக்கு முடியல."

"என்ன செய்யுது?"

"அசதிதான். நீ சாப்பிடு."

"அப்பா?"

"படுத்திருக்காரு."

"நெஞ்சு வலி எப்படி இருக்கு?"

"இப்ப வலி இல்லடா," என்று சொல்லிவிட்டு, அவள் தெருப் பக்கம் பார்த்தாள்.

ஜீவனின் முகம் தெளிந்தது. அப்பா வீரசிங்கம் வளர்த்த கோழிகளில் பதினாறு இதுவரை இவன் வயிற்றுக்குள் போயிருந்தன. ஒவ்வொன்றையும் அவரே உரித்து, தோலையும் கொழுப்பையும் கவனமாக நீக்கிக் கொடுத்தனுப்புவார். எடையை முடித்துவிட்டுத்தான் வீட்டுப் படி ஏற வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். அந்த ரோசத்தில் இவன் மூன்று வாரமாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

"என் மேல கோவமா இருக்காரா?"

"கோவமெல்லாம் இல்ல."

"உன் போனக் குடுக்கா. ரெண்டு வார்த்தை பேசிடுறேன்."

"யாரோடயும் பேச்சு வேணாம்," என்று மாஸ்டர் குறுக்கே வந்தார். "உன் போனையே நேத்து வாங்கி வச்சது எதுக்கு? நாளைக்கு மேடையை விட்டு இறங்கினதும் பேசலாம்."

ஜீவன் முனகிக்கொண்டே ஒரு துண்டுக் கறியை அக்காவிடம் நீட்டினான்.

"நீயாவது ஒரு துண்டு தின்னுக்கா. முகமெல்லாம் வாடிக் கிடக்கு."

"எனக்கு வேணாம்டா. நீ தின்னாத்தான் எனக்கு நிம்மதி."

அவன் கடைசித் துண்டு வரைக்கும் தின்னுவதைப் பார்த்திருந்துவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

மறுநாள் தராசு ஐம்பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் காட்டியது. ஜீவன் கண்ணை மூடித் திறந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு மாஸ்டர் கொடுத்த இரண்டு அவித்த கிழங்கை, கோயில் பிரசாதம் மாதிரி மெதுவாகத் தின்றான்.

வற்றிப்போன உடம்பு மேடையில் சொன்னபடி கேட்கவில்லை. முதல் இரண்டு முறையும் பாரம் கை நழுவியது. மூன்றாவது முறை எப்படித் தூக்கினான் என்று அவனுக்கே தெரியாது. மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்ற விஜயலெட்சுமி கைதட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டாள்.

தெரிவானவர்களின் பட்டியலை வாசித்தார்கள். ஜீவனின் பெயர் இரண்டாவதாக வந்தது.

அவன் தள்ளாடிக்கொண்டே ஓடி வந்தான். ஆறு வாரமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது.

"அக்கா, அம்மாவுக்குப் போன் போடு. இன்னைக்குக் கறியும் வேணாம், முட்டையும் வேணாம். ஒரு பானை சோறும் பருப்பும் ஆக்கி வைக்கச் சொல்லு. நானும் அப்பாவும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும். அது வரைக்கும் அவரையும் சாப்பிடாம இருக்கச் சொல்லு."

மபாஸ் மாஸ்டர் மெல்லத் திரும்பி நின்றுகொண்டார். விஜயலெட்சுமி தம்பியின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நம்ம வீட்டுல ரெண்டு நாளா அடுப்பு எரியலடா," என்றாள். "நீ வந்து அப்பாவுக்குக் கொள்ளி வச்ச பிறகுதான் அம்மா உலை வைக்கணும்."