ஊசிப் பழி

பளு தூக்கும் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்பிய மகன், பையைக்கூடக் கீழே வைக்காமல் பொரிந்து தள்ளினான்.

"அப்பா, நான் ஸ்டீராய்டு ஊசி போட்டு மாட்டிக்கிட்டேனாம். போட்டியிலேர்ந்தே துரத்திட்டாங்களாம். தெரு முழுக்க இதே பேச்சு!"

அப்பா நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்தார். சோறு இல்லாவிட்டாலும் மானம் வேண்டும் என்று வாழ்பவர் அவர்.

"யாருடா உன்கிட்ட அப்படிக் கேட்டா?"

"முடி வெட்டறவர், 'தம்பி, அது எந்த ஊசி? என் பையனுக்கும் ஒண்ணு போடணும்'னு காதைக் கடிக்கிறார். எதிர்வீட்டு மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு வழி விடறார். பச்சைத் தண்ணியைத் தவிர வேற எதையும் தொடாதவன்ப்பா நான்! இப்பவே வீடு வீடாப் போய் உண்மையைச் சொல்லிட்டு வரேன். கிளப்பிவிட்டவன் மட்டும் கையில கிடைக்கட்டும்!"

அப்பா எழுந்து வாசல் கதவைத் தாழிட்டார்.

"வாயை மூடிட்டு உட்காருடா. கிளப்பிவிட்டது நான்தான்."

"நீங்களா? பெத்த பிள்ளை மேல பழியா?"

"பின்னே? ஊசி போட்டு மாட்டினவனை ஊர் பயில்வான்னு நினைக்கும். ஒண்ணுமே போடாம நீ போட்டியில கடைசி இடத்துல வந்தேன்னு தெரிஞ்சா, நம்ம குடும்பத்துக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"