எழுபத்திரண்டாம் வருஷத்து டேப்

பங்க் ராக் என்கிற முரட்டு இசை பிறந்த ஊர் எது என்று கேட்டால் நியூயார்க்காரன் மார்தட்டுவான். லண்டன்காரன் சண்டைக்கே வருவான். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் என்று யாரும் சொல்வதில்லை, எழுபத்து மூன்று வயது வாண்டாவைத் தவிர.

1972இல் அவள் டிரம்ஸ் அடிக்க, கசிமிர் கிடாரைப் பிறாண்ட, 'நெளிந்த கரண்டிகள்' என்ற குழு அவள் இன்றும் குடியிருக்கும் வீட்டின் நிலவறையில் ஒன்றரை நிமிஷப் பாட்டுகளைப் போட்டுத் தாக்கியது. அந்த இசைக்கு அப்போது பெயர் கிடையாது. அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்களை அச்சில் எழுத முடியாது.

சிகாகோவில் திறக்கவிருக்கும் இசை அருங்காட்சியகத்தில், 'முதலில் யார்?' என்று ஒரு சுவர் வைக்கிறார்கள். அதற்கு ஆலோசகர் ஜெரால்ட் பிரிங்க். 'பங்க் பிறந்தது நியூயார்க்கில், 1974இல்' என்று தலையணை கனத்தில் புத்தகம் எழுதி, அதை வைத்தே காலம் தள்ளுபவர். 'எங்கள் பெயரும் சுவரில் வர வேண்டும்' என்று வாண்டா எழுதிய பதினொரு கடிதங்களுக்கு அவர் பதிலே போடவில்லை. பன்னிரண்டாவதில், 'பழைய டேப் அகப்பட்டுவிட்டது' என்று எழுதினாள். மனுஷர் அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிட்டார்!

இதோ, வாண்டாவின் முன்னறையில் உட்கார்ந்து டேப் பெட்டியைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். 'நெளிந்த கரண்டிகள், ஒத்திகை, 9 ஏப்ரல் 1972.' மை அசல். அட்டை அசல். உள்ளே இருந்த ரீலும் அந்தக் காலத்தது. பிரிங்க் முகத்தில் ஈயாடவில்லை.

"போட்டுக் கேட்டுடலாமே?" என்றார் கசிமிர் ஆவலாக.

"பைத்தியமா உங்களுக்கு?" பிரிங்க் பதறினார். "இவ்ளோ பழசை அப்படியே ஓட்டினா மேல்பூச்செல்லாம் உதிர்ந்து போயிடும். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டுல வாட்டணும். தொழில் தெரிஞ்சவன் எவனும் அதுக்கு முன்னாடி தொட மாட்டான்."

"திங்கக்கிழமை சிகாகோவுலேருந்து ஆள் வர்றாங்க சார்," என்றாள் வாண்டா. "அவங்களே வாட்டி, எல்லார் முன்னாடியும் போடப் போறாங்களாம். உங்க புத்தகம் பாவம், என்ன ஆகுமோ!"

"திருத்திட வேண்டியதுதான்," என்று பிரிங்க் சிரித்துவைத்தார்.

"ஜாம் வெச்ச பொன்ச்கி பணியாரம் சூடா இருக்கு, காபியோட கொண்டுவரேன். கசிமிர், வந்து தட்டு எடுத்துக் குடு. எனக்கு எட்டல."

இருவரும் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. பெட்டி மட்டும் இருந்தது, ரீல் இல்லை. வாசலில் கார் கிளம்பும் சத்தம்.

"படுபாவி! பட்டப்பகல்ல!" கசிமிர் கத்தினார். "அவன் கோட்டுக்குள்ள சொருகுனத நீ சமையலறை அலமாரிக் கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தானே இருந்த? ஏன் வாண்டா சும்மா விட்ட? இருந்த ஒரே ஆதாரமும் போச்சே! நாம செத்தா நம்மள எந்த நாய் நினைக்கும்?"

வாண்டா அவர் கையில் ஒரு பொன்ச்கியைத் திணித்துவிட்டு போலீசுக்குப் போன் செய்தாள்.

"திருட்டுங்க. ஆள் பேரு ஜெரால்ட் பிரிங்க். ஆமாமா, புத்தகம் எழுதினாரே, அவரேதான்."

பத்திரிகைகள் பிரிங்கைக் கிழித்துத் தோரணம் கட்டின. விமான நிலையம் போகிற வழியிலேயே ரீலை ஆற்றில் வீசிவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். 'பொய்யான டேப்பை எந்த முட்டாள் திருடுவான்?' என்று கேட்ட அருங்காட்சியகம், சுவரின் உச்சியில் 'நெளிந்த கரண்டிகள், 1972' என்று பொறித்துவிட்டது.

திறப்பு விழாவில் அதைப் பார்த்ததும் கசிமிருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "பேர் வந்துடுச்சு. ஆனா நாம வாசிச்சத இன்னொரு தடவ கேக்கக் குடுத்து வைக்கலையே!"

வாண்டா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தாள்.

"அட அசடே, எழுபத்தஞ்சுலயே எங்கம்மா அந்த ரீல் மேல அக்கா கல்யாணத்து போல்கா டான்ஸ் பாட்டப் பதிஞ்சுட்டாங்க!"