பதினொன்றுக்கு அடுத்தது

"போற எண்ணிக்கை குறையாம திரும்பி வரணும்" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் தலைமையாசிரியை எங்களை மலையேற்றத்துக்கு அனுப்பினார். நான் உடற்பயிற்சி ஆசிரியை. எண்ணுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மொத்தம் பதினோரு மாணவிகள். ஒவ்வொரு திருப்பத்திலும் விசில் அடிப்பேன், முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை வரிசையாகத் தங்கள் எண்ணைக் கத்துவார்கள்.

உச்சியில் கடைசிப் பெண் "பதினொண்ணு!" என்று கத்தினாள். எதிர்மலையிலிருந்து "பன்னெண்டு!" என்று எதிரொலி வந்தது.

"மிஸ், மலைக்கு எண்ணத் தெரியுது!" என்றாள் வகுப்பு வாயாடி. விழுந்து விழுந்து சிரித்தோம்.

இறங்கும்போது பாதி வழியில் எண்ணினோம். பன்னெண்டு கொஞ்சம் பக்கத்தில் கேட்டது. பஸ்ஸில் ஏறியதும் எண்ணினோம். பன்னெண்டு கடைசி சீட்டிலிருந்து வந்தது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. அங்கே பைகள் மட்டும்தான் இருந்தன.

"பாவம் மிஸ், பழக்கமில்ல போல" என்று வாயாடி தன் தண்ணீர் பாட்டிலை அந்தப் பக்கம் வைத்தாள். ஊர் வந்து சேர்ந்தபோது பாட்டில் காலி.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் தலைமையாசிரியை.

"எண்ணிக்கை குறையல மேடம்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

இப்போது ஒரு மாதமாகிறது. தினமும் காலையில் மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டு எண்ணச் சொல்கிறேன். பதினோரு பேருக்கும் இன்னும் இரைக்கிறது. பன்னெண்டுக்கு மட்டும் மூச்சே வாங்குவதில்லை.