பேர் வெட்டிய உருளி

சண்முகவடிவு வாய் அகன்ற அந்த வெண்கல உருளியை இரண்டு கையாலும் பிடித்துச் சரித்தாள். எதிரே நின்ற அவள் புருஷன் கோலப்பன் மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டார்.

குழித்துறையில் ஜினோ என்பவரின் பழம்பொருள் கடை அது. திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், கடையின் போர்டைக் கண்டதும் அவள் காரை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தாமல் ஓட்டிப்போக அவள் புருஷனுக்குத் துணிச்சல் கிடையாது.

எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். காரைக்குடி, கொச்சி, பாண்டிச்சேரி, தஞ்சாவூர். கோயில், கடல், அரண்மனை என்று ஒன்று விடாமல் நிதானமாகச் சுற்றிப் பார்ப்பாள். நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிடுவாள். கடைசியில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்து, இருக்கிற உருளியையெல்லாம் சரித்துச் சரித்து விளிம்பைப் பார்ப்பாள்.

தேடுவது அவளுடைய சீதன உருளியை. அதன் விளிம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும்.

அதைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்றுதான் வீட்டில் பேச்சு. விற்றது கோலப்பன்.

பத்து வருஷம் இருக்கும். அவள் தெரிசனங்கோப்பில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், மச்சில் எதையோ எடுக்க ஏறியவர் அந்த உருளியில் தலையை இடித்துக்கொண்டார். வலி அடங்குவதற்குள் தெருவில் பழைய பாத்திரம் எடுக்கிறவனின் குரல் கேட்டது. உருளி போன காசில் அவருக்கு ஒரு செல்போன் வந்தது.

ஊரிலிருந்து வந்தவளிடம் திருடன் என்று சொல்லிவிட்டார். மச்சுவரை ஏறி, பக்கத்திலிருந்த குத்துவிளக்கைத் தொடாமல் உருளியை மட்டும் தூக்கிக்கொண்டு போன அந்த நல்ல திருடனைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பேரு வெட்டியிருக்குல்லா. எந்த ஊருல கெடந்தாலும் கண்டுபிடிச்சிருவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

தோவாளைச் சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் கோலப்பன் அதுவரை அவளைச் சுசீந்திரம் தேரோட்டத்துக்கு மேல் எங்கும் கூட்டிப்போனதில்லை. எங்கே கூப்பிட்டாலும் பூ வாடிவிடும் என்பார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் வாயில் அந்த ஒரே பதில்தான். உருளி போனபிறகு அதைச் சொல்ல நாக்கு எழும்பவில்லை. அவள் ஊர்ப் பேரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் டிக்கெட் எடுத்துவிடுவார்.

போகிற ஊரில் உள்ள சாமியிடமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொள்வார். உருளி கிடைக்கக் கூடாது. கிடைத்தால் கடைக்காரன் தனக்கு விற்றவனைச் சொல்வான், அவன் அவனுக்கு விற்றவனைச் சொல்வான். பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில் பெண்டாட்டி முன்னால் கள்ளனாக நிற்பதைவிடக் கேவலம் உண்டா? இத்தனை நாளில் அதை உருக்கி எந்தக் கோயிலிலாவது மணியாகத் தொங்கவிட்டிருப்பார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வார்.

"அசல் வெண்கலமாக்கும் அக்கா. தோவாளப் பக்கம் ஒரு வீட்டுல இருந்து வந்தது" என்றார் ஜினோ.

கோலப்பனுக்கு வேர்த்துவிட்டது.

சண்முகவடிவு பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். முந்தானையால் விளிம்பின் தூசியைத் துடைத்தாள். விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். எதிர்ப்பக்கம் நின்றவருக்கு உருளியின் வயிறுதான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். கத்தரிக்காய் பொறுக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்தார். இங்கேயே விழுவதா, காரில் ஏறியபிறகு விழுவதா என்பதில்தான் குழப்பம். காரில் இடம் போதாது.

அவள் உருளியை மெல்லக் கீழே வைத்தாள்.

"நம்மளது இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது கோலப்பனுக்கு. அந்தச் சந்தோஷத்தில், வாழ்க்கையில் முதன்முறையாகப் பேரம் பேசாமல், கண்ணில் பட்ட, மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி ஒன்றை வாங்கினார். ஜினோ அதைப் பொதிந்து கொண்டுவர உள்ளே போனார். சண்முகவடிவு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கை சும்மா இருக்கவில்லை. பயம் தெளிந்தவனுக்கு வருகிற அசட்டுத் தைரியத்தில், கோலப்பன் அந்த உருளியைத் தன் பக்கமாகச் சரித்துப் பார்த்தார்.

புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. சண்முகவடிவு, தெரிசனங்கோப்பு.

அவள் கண்ணாடி புதிது. போன மாதம்தான் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் அவரே மாற்றிக்கொடுத்தார்.

நிமிர்ந்தார். வாசலில் நின்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பை அடக்குகிற மாதிரிகூட இருந்தது.

"நீங்க வித்தது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், உள்ளே ஜினோவுக்குக் கேட்காத குரலில். "பேரு தெரியாம அத செவரு பக்கமாத் திருப்பி வச்சிட்டு வாங்க. மைசூரு இன்னும் பாக்கல்ல."

கோலப்பன் திருப்பி வைத்தார். அது போதாது என்று பட்டது. பக்கத்தில் கிடந்த பெரிய அண்டாவை மூச்சுப் பிடித்துத் தூக்கி, அதன்மேல் கவிழ்த்துவிட்டு வந்தார்.